மூலமும் உரையும்

விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் வண்டலூர் – வாலாஜாபாத் நெடுஞ்சாலை விழித்துக்கொள்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக ஆலைப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. முதல் ஷிப்டுக்குச் செல்வோர் ஏறுகின்றனர். இரவு ஷிப்டு முடித்தோர் சிவந்த கண்களோடு இறங்குகின்றனர். அதிகாலைத் திருப்பலிக்கு மணியடித்துவிட்டுக் கோவில் வாயிலில் நின்று இந்தக் காட்சியைப் பார்ப்பது நமது அன்றாட வழக்கமாகிவிட்டது.

இறங்குகிறவருக்கும் ஏறுகிறவருக்கும் இடையே, ஆலைக்குள் ஒரு சிறு சடங்கு நடைபெறுகிறது என்பதைப் பங்கு மக்கள் வழியாக அறிந்திருக்கிறோம். பணி முடித்துச் செல்லும் சூப்பர்வைசர், அடுத்து வருகிறவருக்காக ஒரு பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். எந்த எந்திரம் சூடேறுகிறது, எந்தச் சரக்கு குறைந்துள்ளது, எந்தப் பழுது பாதி மட்டும் சரிசெய்யப்பட்டது என்பவை அதில் இடம்பெறும். நான்கைந்து வரிகளே இருக்கும். அந்த வரிகள் இல்லாவிட்டால் அடுத்த ஷிப்டின் முதல் மணி நேரம் தேடலிலேயே கழிந்துவிடும். எழுதி ஒப்படைப்பது தொழிற்சாலையில் நற்குணம் அன்று, கட்டாயம். இந்தச் சிறிய கட்டாயத்தின் அருமையை நாம் உணர்ந்துகொண்டது, 2023ஆம் ஆண்டின் ஐப்பசி மாதத்து மழை இரவொன்றில்தான்.

அதற்கு முன் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, இப்பகுதியின் வாடகை அறைகளில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் வாழ்கின்றனர் என்பதை முதன்முறையாக நாம் கண்ணால் கண்டோம். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள், அரிசிக்காகக் கோவில் வளாகத்தில் வரிசையில் நின்றார்கள். பெயர், ஊர், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பழைய நோட்டுப் புத்தகங்களில் எழுதினோம். ஒரே மனிதர் மூன்று நோட்டுகளில் இருந்தார். சிலர் எதிலுமே இல்லை. ஒரு தாய் தன் மகனைப் பற்றிக் கேட்டு அழைத்தபோது, அவன் பெயரைத் தேடி எடுக்க அரை நாள் ஆயிற்று.

அந்தத் தவிப்பைப் பார்த்த நமது பங்கு இளைஞர் ஒருவர், மென்பொருள் ஒன்றைத் தாமே எழுதித் தந்தார். பகலில் ஆலையில் வேலை. இரவில் கோவில் அலுவலகக் கணினியின் முன்னே உழைப்பு. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது நிறைவடைந்தது. பெயரின் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டினால் போதும். ஆளின் ஊர், தங்குமிடம், வீட்டாரின் எண் அனைத்தும் திரையில் தோன்றும். விவரங்களைத் தர ஒப்புதல் அளித்தவர்களை மட்டுமே அதில் சேர்த்தோம். நமக்கு அது ஓர் அதிசயமாகவே பட்டது.

வேலை முடிந்த அன்று அந்தத் தம்பி நம்மிடம் ஒன்று கேட்டார். “பாதர், இதை எப்படி இயக்குவது, எங்கே என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி வைக்கவா?” பங்குத் திருவிழாவுக்கு மூன்று நாட்களே இருந்தன. “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் தம்பி, முதலில் பட்டியலை அச்சிட்டுக் கொடு” என்றோம். அந்த ‘அப்புறம்’ வரவேயில்லை. இவ்வார்த்தையை நாம் சொன்னோம் என்பதை ஒளிக்காமல் இங்கே பதிவு செய்கிறோம்.

இனி அந்த ஐப்பசி இரவு. ஒன்பது மணியளவில், சாலையைக் கடந்த ஜார்க்கண்ட் இளைஞர் ஒருவர்மீது இருசக்கர வாகனம் மோதிவிட்டது என்று செய்தி வந்தது. மருத்துவமனைக்கு ஓடினோம். கால் முறிந்திருந்தது; நினைவு தப்பியிருந்தது. அவருடைய கைப்பேசி நொறுங்கிப் போயிருந்தது. அவர் ஞாயிறுதோறும் நமது கோவிலுக்கு வருகிறவர். ஆகவே வீட்டாரின் எண் நமது கணினியில் நிச்சயம் இருக்கும் என்ற துணிவோடு திரும்பினோம். ஆனால் சில மாதங்களுக்கு முன் பழைய கணினி பழுதாகிப் புதியது வந்திருந்தது. மென்பொருளும் விவரங்களும் பத்திரமாகவே இருந்தன. அவற்றைப் புதிய கணினியில் எப்படி உயிர்ப்பிப்பது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

எழுதிய தம்பியோ இரவு ஷிப்டில் இருந்தார். கைப்பேசியை வாயிலிலேயே ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்லும் ஆலை அது. வாயிலில் போய்க் கேட்டோம். எந்தப் பிரிவு என்று நம்மால் சொல்லத் தெரியவில்லை. காலையில் வரச் சொன்னார்கள். பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவரை எழுப்பி வந்து கணினியின் முன் அமர்த்தினோம். ‘புதியது’, ‘புதியது இரண்டு’, ‘இறுதி’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புறைகள் வரிசையாக இருந்தன. எது உண்மை என்று அவருக்கும் விளங்கவில்லை. மாற்றங்களின் வரலாறு இருக்குமே என்று அதைத் திறந்தார். நாற்பத்தொரு பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் ‘சரிசெய்தது’ என்ற ஒரே சொல். எதை, ஏன் என்று ஒன்றிலும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு அந்த மாணவர் நம்மை ஏறிட்டுப் பார்த்த பார்வையை நாம் மறக்கவில்லை.

காலை ஏழு மணிக்குத் தம்பி அழைத்தார். “முதலில் தரவுத்தளத்தைத் தொடங்க வேண்டும் பாதர், அது எழுந்த பிறகுதான் நிரலைத் தொடங்க வேண்டும். ‘இறுதி’ என்பதுதான் சரியானது, மற்றவற்றை விட்டுவிடுங்கள்.” அவ்வளவுதான். பத்து நிமிடங்களில் எண் கிடைத்தது. ஆனால் அதற்குள் வேறொரு வழியாக, ஊர்க்காரர் ஒருவர் மூலம், அந்த வீட்டுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. ‘உங்கள் மகன் இறந்துவிட்டான்’ என்ற பொய்ச் செய்தி. ஒரு தாய் இரவு முழுவதும் உயிரோடிருக்கும் மகனுக்காக ஒப்பாரி வைத்திருக்கிறாள். நாம் அழைத்து உண்மையைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. மகனின் குரலைக் கேட்க அவளுக்கு மேலும் ஒரு நாள் ஆயிற்று. இரண்டு வாக்கியங்கள் எழுதப்படாமற்போனதன் விலை அது.

அடுத்த ஞாயிறு, தம்பி தாமாகவே வந்து அலுவலகத்தில் அமர்ந்தார். “எல்லாம் என் தலைக்குள் இருந்தது பாதர். தலைக்குள் இருப்பதை எழுத என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்” என்றார். குற்றம் அவருடையதன்று என்பதை நாம் அறிவோம். இருவரும் சேர்ந்து சரிசெய்வது என்று முடிவு செய்தோம். கணினி அறியாத நமக்கு அவர் பாடம் சொன்னார். நமக்குத் தெரிந்த பழைய பாடம் ஒன்று அதற்குத் துணை வந்தது.

மென்பொருளை எழுதும்போது மனிதர் எழுதும் வரிகளுக்கு ‘மூல நிரல்’ என்று பெயர். அந்த வரிகளையும், அவற்றில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாற்றையும் சேர்த்துக் காக்கும் இடம் ‘களஞ்சியம்’. இன்று உலகெங்கும் பெரிதும் பயன்படும் ‘கிட்’ என்னும் களஞ்சிய முறையை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கினார். களஞ்சியத்தின் வாயிலில், முதல் அடுக்கிலேயே, ஒரு கோப்பு வைப்பது நெடுநாளைய மரபு. அதன் பெயர் ‘ரீட் மீ’, அதாவது ‘என்னைப் படி’. தமிழ் கற்றோருக்கு இது புதியதா? மூலம் என்று சொன்னவுடனே ‘மூலமும் உரையும்’ என்று நமது நூல்களின் முகப்பில் காணும் தொடர் நினைவுக்கு வரவில்லையா? மூலத்தை மட்டும் கையளித்துவிட்டு ஒதுங்குவது நம் புலமை மரபன்று. உரையாசிரியர்கள் இல்லையேல் சங்கப் பாடல்களில் எத்தனை இன்று நமக்கு விளங்கும்?

‘என்னைப் படி’ என்னும் கோப்புக்கும் நம்மிடம் பெயர் உண்டு, பாயிரம். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இருக்க வேண்டும் என்கிறது. செய்தவர் யார், எந்த நூலின் வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, நூலின் பெயர் என்ன, எதைக் கற்றபின் இதைக் கற்க வேண்டும் என்னும் இயைபு, சொல்லும் பொருள் யாது, கேட்பதற்குரியவர் யார், கேட்டதனால் வரும் பயன் என்ன. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர் என்று அது தொடர்கிறது. இதைத் தம்பியிடம் சொன்னபோது அவர் வியந்துபோனார். “இதைத்தானே பாதர் இன்றைக்கும் எழுதச் சொல்கிறார்கள்!” என்றார்.

எட்டையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினோம். மென்பொருளின் பெயர், அது செய்யும் வேலை ஒரே வாக்கியத்தில், யாருக்காக, எழுதியவர், இப்போது யாரைக் கேட்பது, எந்தப் பழைய நிரல்களின் துணையோடு கட்டப்பட்டது, எந்த வகைக் கணினியில் ஓடும், எதில் ஓடாது, அதற்கு முன் எவற்றை நிறுவியிருக்க வேண்டும், எந்த வரிசையில், ஓடினால் திரையில் என்ன தெரிய வேண்டும். நம்மை அந்த இரவில் வதைத்தது ‘இயைபு’ என்னும் ஐந்தாம் செய்தி ஒன்றுதான். எதற்குப் பின் எது என்பது. தொடங்குவதற்குப் பெரிய நூல் வேண்டியதில்லை என்பதையும் கண்டோம். அந்த முதல் பாயிரம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. அதை நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே வைத்தோம். வேறொரு நோட்டில் வைத்தால் நிரல் மாறும், நோட்டு மாறாது. காலாவதியான குறிப்பு, குறிப்பே இல்லாமையைவிடத் தீங்கானது. நம்பி வருகிறவனை அது தவறான வழியில் அனுப்பிவிடும். கடவுச்சொற்களையும் மனிதர்களின் விவரங்களையும் மட்டும் களஞ்சியத்தில் சேர்க்கவில்லை. அவை எங்கே, யாருடைய பொறுப்பில் உள்ளன என்ற செய்தியை மட்டும் எழுதினோம்.

அடுத்து வந்தது காரணம். நிரலின் நடுவே ஓரிடத்தில் ‘ஏழு வினாடி காத்திரு’ என்று இருப்பதைத் தம்பி காட்டினார். ஏன் என்று கேட்டோம். நெடுநேரம் யோசித்தார். மின்தடைக்குப் பின் பழைய அச்சுப்பொறி விழித்தெழ அவ்வளவு நேரம் பிடித்தது என்பது பிறகு நினைவுக்கு வந்தது. எழுதியவருக்கே மறந்துபோன காரணம் அது. “வேறொருவர் வந்தால் இது வீண் என்று அழித்திருப்பார் பாதர்” என்றார். நிரல் என்ன செய்கிறது என்பதை நிரலே சொல்லிவிடும். ஏன் அப்படிச் செய்கிறது என்பதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

இது சிறு விஷயமன்று என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. 1996 ஜூன் 4ஆம் நாள், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாக எழும்பியது. ஏறத்தாழ 40 வினாடிகளில் வழிதவறி வானிலேயே சிதறியது. அது சுமந்த நான்கு செயற்கைக்கோள்களும் அழிந்தன. காரணம், முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்ட நிரற்பகுதி ஒன்று. ஒரு பெரிய எண்ணைச் சிறிய பெட்டிக்குள் அடக்க முயன்று அது செயலிழந்தது. இத்தகைய ஆபத்துக்குரிய ஏழு மாறிகளுள் நான்குக்கு மட்டுமே காப்பு இருந்தது. மூன்றைக் காப்பில்லாமல் விட்டிருந்தார்கள். பழைய ராக்கெட்டின் வேகத்திற்கு அந்த எண்கள் அவ்வளவு பெரிதாகா என்பது அவர்கள் கொண்ட காரணம். அன்று அது சரியான காரணமே. ஆனால் புதிய ராக்கெட் பழையதைவிட விரைந்து பக்கவாட்டில் நகர்ந்தது. அந்தக் காரணம் இற்றுப்போயிற்று. அந்த முடிவுக்கான நியாயம் மூல நிரலில் நேரடியாக எங்கும் குறிக்கப்படவில்லை. மலைபோல் குவிந்த ஆவணங்களில், யாரும் வேண்டுமென்று மறைக்காமலே, அது மறைந்து போயிற்று என்று விசாரணைக் குழு கண்டது. ஆவணம் இல்லாமலில்லை, வேண்டிய இடத்தில் வேண்டிய வரி இல்லை. நிரலின் ஓரத்தில் ஒரு வரி இருந்திருந்தால், அதைப் படித்த யாரேனும் ‘இந்தக் காரணம் இன்னும் பொருந்துமா?’ என்று கேட்டிருக்கக்கூடும்.

கணினித் துறையின் முன்னோர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பு முதிராத பருவத்திலேயே, 1971 நவம்பரில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதற்கு ஒரு கையேடு எழுதிவிட்டார்கள். அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் தெரிந்த குறைகளைச் சொல்லவே ஒரு பகுதி ஒதுக்கினார்கள். தம் படைப்பின் குறையைத் தாமே எழுதி வைக்கும் அந்த நேர்மை நம்மைத் தொட்டது. 1984இல் டொனால்டு குனூத் என்னும் பேரறிஞர், நிரலை எந்திரத்திற்கு இடும் கட்டளையாக அல்லாமல், மனிதர் படிக்கும் கட்டுரையாகவே எழுத வேண்டும் என்று வாதிட்டார். நம் தமிழகத்திலும் 2012 முதல் ‘கணியம்’ இதழ் இத்தகைய செய்திகளை எளிய தமிழில் தந்து வந்திருக்கிறது. நமது தம்பி பாயிரத்தைத் தமிழிலேயே எழுதத் துணிந்ததற்கு அதுவும் ஒரு தூண்டுதல்.

வீரமாமுனிவரை இங்கே நினையாமல் இருக்க இயலவில்லை. தேம்பாவணி பாடிய அவரே, தமக்குப் பின் வரும் அந்நியர்கள் மக்களின் பேச்சைக் கற்க வேண்டுமென்று கொடுந்தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதினார். 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். தமக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தாம் பட்ட பாட்டை அடுத்தவர் படக்கூடாது என்று எண்ணினார்.

பங்குத்தந்தையாகிய நமக்கு இதில் தப்பிக்க வழியே இல்லை. திருமணப் பதிவேட்டைப் பங்குகள்தோறும் வைத்துக் காக்குமாறு திரிதெந்து சங்கம் 1563இல் கட்டளையிட்டது. இன்றும், ஒருவருக்குத் திருமணம் நடந்தால், அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அச்செய்தி அனுப்பப்பட்டு, பழைய பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். முதல் பதிவை யாரும் அழிப்பதில்லை. மாற்றம் நாளோடும் இடத்தோடும் அதன் அருகிலேயே அமர்கிறது. களஞ்சியத்தின் வரலாற்றைத் தம்பி விளக்கியபோது, நாம் முப்பது ஆண்டுகளாக எழுதிவரும் ஓரக்குறிப்புகளே நினைவுக்கு வந்தன. அப்பதிவேட்டில் ‘சரிசெய்தது’ என்று மட்டும் நாம் எழுதினால் ஆயர் இல்லம் பொறுக்குமா? அந்தக் கண்டிப்பைக் கணினி விஷயத்தில் ஏன் மறந்தோம் என்று வெட்கினோம். அன்றிலிருந்து தம்பியின் ஒவ்வொரு மாற்றக் குறிப்பும் ‘இதை மாற்றினேன், இதனால்’ என்ற இரு பகுதிகளோடு வருகிறது.

கடைசியாக ஒரு சோதனை வைத்தோம். நன்னூல் இன்னொன்றும் சொல்கிறது: நூல் செய்தவரே தம் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்வது முறையன்று; அவருடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ செய்ய வேண்டும். தற்புகழ்ச்சியைத் தவிர்க்கவே இந்த விதி என்று எண்ணியிருந்தோம். இன்னொரு பயனும் இதில் உண்டு: செய்தவர் கண்ணுக்கு எல்லாம் தெளிவாகவே தெரியும், இருள் எங்கே என்பது புதிதாக வருகிறவருக்குத்தான் தெரியும். ஆகவே மறைக்கல்வி ஆசிரியை ஒருவரின் மகளை, டிப்ளமோ படிப்பவரை, வெறும் கணினி ஒன்றின் முன் அமர்த்திப் பாயிரத்தை மட்டும் கையில் கொடுத்தோம். தம்பி வாய் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. மூன்று இடங்களில் அந்தப் பெண் தடுக்கி நின்றார். மூன்றாம் இடத்தில், “இந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதவே இல்லையே அண்ணா” என்றார். தம்பி சிரித்தபடி தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்றையும் அவரே திருத்தி எழுதினார். பாயிரத்தின் கீழே அவர் பெயரும் ஏறியது. மறுமுறை வேறொருவர் செய்து பார்த்தபோது அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இந்த நெடுஞ்சாலை ஓரத்தில் எதுவும் நிலையாக நிற்பதில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் பேராலை எழுந்தது. 2006இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலையோ 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் திசைக்கொருவராய்ப் பிரிந்தனர். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புவோரும், மேல்வேலை தேடி வெளிநாடு செல்வோரும் நாள்தோறும் விடைபெற வருகின்றனர். நம் தம்பியும் ஒருநாள் போவார், போகத்தான் வேண்டும். நாமும் மாற்றல் ஆணை வந்தால் ஒரு பெட்டியோடு புறப்பட வேண்டியவர்களே.

அந்த ஜார்க்கண்ட் இளைஞர் குணமடைந்து, சற்றே தாங்கித் தாங்கி நடந்தபடி, மீண்டும் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறார். அவரைக் காணும்போதெல்லாம் அவருடைய தாயின் அந்த ஓர் இரவை எண்ணிக்கொள்கிறோம். அன்பு வாசகர்களே, உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பது எது? வீட்டின் பத்திரங்கள் எந்தப் பெட்டியில் உள்ளன என்பதா, சங்கத்தின் கணக்கை எப்படி முடிப்பது என்பதா, அலுவலக நிரலொன்றின் விளங்காத வரியா? எதுவாயினும் இன்று ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதியதை அறியாதவர் ஒருவர் கையில் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

நாமும் தொடங்கியிருக்கிறோம். கோவில் சாவிக்கொத்தில் பதினேழு சாவிகள் உள்ளன. நாம் வந்த நாளில் அவற்றுள் எது எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமல் ஒரு வாரம் திண்டாடினோம். சென்ற வாரம் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு அட்டையைக் கட்டினோம். இரண்டு சாவிகள் மட்டும் எதற்கென்று இன்னும் விளங்கவில்லை. அவற்றின் அட்டையில் ‘தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்று எழுதி வைத்திருக்கிறோம்.